சிவப்பு இடது, சயான் வலது: அனாகிளிஃப் படம் எடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் நிலவில் இறங்கியது. சில நாட்கள் கழித்து, செப்டம்பர் தொடக்கத்தில், இஸ்ரோ ஒரு அனாகிளிஃப் படத்தை வெளியிட்டது. பிரக்யான் ஊர்தி தன் நாவ்கேம் (வழிகாட்டும்) கேமராக்களால் விக்ரமை எடுத்த படம் அது. வெறும் கண்ணால் பார்த்தால் அச்சில் நிறம் விலகிப்போன காலண்டர் மாதிரி இருக்கும். எல்லா விளிம்பிலும் சிவப்பும் நீலப்பச்சையும் பிரிந்து நிற்கும். அதற்கான அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விக்ரம் நான்கு கால் ஊன்றி நின்றது. அதன் முன்னால் கிடந்த நிலவு மண் என் மேசை வரைக்கும் நீண்டது. பல ஆண்டுகளாக இத்தகைய படங்களை எடுத்துவரும் எனக்கே உடல் சிலிர்த்தது.

அதற்குப் பிறகு "இதை வீட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டவர்கள் பலர். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களே இவை. முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு போன், ஒரு இலவச மென்பொருள், ஒரு அட்டைக் கண்ணாடி இருந்தால் போதும்.

அனாகிளிஃப் என்றால் என்ன?

இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்களை நிறத்தால் பிரித்து ஒரே படத்துக்குள் அடுக்கி வைப்பது. கிரேக்கத்தில் இந்தச் சொல் புடைப்பாகச் செதுக்கியதைக் குறிக்கும். நம் சிற்பிகள் மாமல்லபுரத்துப் பாறையில் செய்த புடைப்புச் சிற்பத்துக்கு உரிய அதே பொருள்தான். தட்டையான பரப்பிலிருந்து உருவம் எழுந்து வருவதால் இந்தப் பெயர் மிகவும் பொருந்துகிறது.

கண்ணாடியில் இருக்கும் நிறம்தான் ஆழத்தைக் காட்டுகிறதா?

இல்லை. இதை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். நிறத்துக்கும் ஆழத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணும் உலகைச் சற்றே வேறு இடத்திலிருந்து பார்க்கிறது. விரலை முகத்துக்கு முன் நீட்டி ஒரு கண்ணை மாற்றி மற்றொரு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரின் மேல் விரல் இடம் மாறிக் குதிக்கும். கிட்டே இருப்பது அதிகம் குதிக்கும், தொலைவில் இருப்பது குறைவாகக் குதிக்கும். மூளை ஆழத்தை இந்தக் குதிப்பிலிருந்துதான் கணக்கிடுகிறது.

நிறக் கண்ணாடியின் வேலை வெறும் அஞ்சல்காரர் வேலை: இடது படத்தை இடது கண்ணிடமும் வலது படத்தை வலது கண்ணிடமும் சேர்ப்பது. திரையில் தெரியும் எந்தப் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளால் ஆனது. சிவப்பு அடுக்கில் இடது படத்தையும், பச்சை, நீல அடுக்குகளில் வலது படத்தையும் வைக்கிறோம். பச்சையும் நீலமும் சேர்ந்த நிறமே சயான். கண்ணாடியில் இருக்கும் சிவப்புத் தாள் சிவப்பை மட்டும் உள்ளே விடும். சயான் தாள் சிவப்பை மட்டும் தடுக்கும். இஸ்ரோ படத்திலும் இதே அமைப்புதான்.

ஆகவே ஒரு படம் சரியாக வரவில்லை என்றால் கண்ணாடியைக் குறை சொல்லும் முன், இரண்டு படங்களையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை எடுக்கும்போதே நிகழ்ந்தவை.

இதைக் கண்டுபிடித்தது யார்?

லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-ல், முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டை வைத்து இரண்டு ஓவியங்களை ஒரே உருவமாகக் காட்டும் கருவியை விளக்கினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதாவது, புகைப்படம் வருவதற்கு முன்பே ஆழத்தின் ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. வீட்ஸ்டோன் காட்டியவை கோட்டு வரைபடங்கள்.

ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரோல்மான் 1853-ல் நிறத்தால் படங்களைப் பிரிக்கும் வழியை எழுதினார். 1858-ல் பிரான்ஸில் ஜோசஃப் தால்மைதா மாய விளக்குகள் இரண்டிலிருந்து சிவப்பு, பச்சை ஒளியில் படங்களைத் திரையில் வீழ்த்திக் காட்டினார். அச்சில் இதைக் கொண்டுவந்து 1891-ல் காப்புரிமை பெற்றவர் லூயி டூகோ து ஓரோன். அனாகிளிஃப் என்ற பெயரும் அவர் வைத்ததே. வண்ணப் புகைப்படத்தின் முன்னோடிகளில் ஒருவரும் இவர்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நிறங்களைப் பிரித்து அடுக்கத் தெரிந்த கைகளுக்குத்தானே இந்த யோசனையும் வாய்த்திருக்க முடியும்.

தியேட்டரில் கொடுப்பதும் இதே கண்ணாடிதானா?

இல்லை. 1922-ல் லாஸ் ஏஞ்சலஸில் திரையிடப்பட்ட முதல் முப்பரிமாண முழுநீளப் படம் சிவப்பு-பச்சை முறையில் வந்தது உண்மை. ஆனால் 1950-களின் ஹாலிவுட் முப்பரிமாணப் படங்களில் பெரும்பாலானவையும், 1984-ல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' படமும் ஒளியின் அதிர்வுத் திசையைக் கொண்டு படங்களைப் பிரிக்கும் போலராய்டு முறையைப் பின்பற்றியவை. அதில் நிறம் கெடாது. ஆனால் அதற்கு வெள்ளிப் பூச்சுள்ள தனித் திரை வேண்டும். அனாகிளிஃப் புத்தகத் தாளிலும் தெரியும், போனிலும் தெரியும், பள்ளிச் சுவரில் புரொஜெக்டர் காட்டும் வெளிச்சத்திலும் தெரியும். நிறத்தில் கொஞ்சம் இழந்து நாம் பெறுவது இந்தச் சுதந்திரம்.

கண்ணாடியை நானே செய்யலாமா?

செய்யலாம். பரிசுப் பொருள் சுற்றும் நிறக் கண்ணாடித் தாளும் தடித்த அட்டையும் போதும். சிவப்பு இடது கண்ணுக்கு. சயான் தாள் எளிதில் கிடைக்காது. நீலத்தாள் வைத்தாலும் வேலை நடக்கும், ஆனால் வலது கண்ணுக்குப் படம் இருளும். ஒரே அடுக்குத் தாளில் நிறம் போதாமல் கசிவு வந்தால் இரண்டாக மடித்து ஒட்டுங்கள்.

போன் திரையில் சுத்தமான சிவப்புச் சதுரத்தையும் சயான் சதுரத்தையும் கறுப்புப் பின்னணியில் வைத்துச் சோதியுங்கள். சிவப்புத் தாள் வழியே சயான் சதுரம் மறைய வேண்டும். மற்றதன் வழியே சிவப்புச் சதுரம் மறைய வேண்டும். மங்கலாகவாவது தெரிந்தால் அந்த அளவுக்குக் கசிவு இருக்கிறது. நீண்ட காலம் இதில் ஈடுபட நினைப்பவர்கள் ஆயத்தமாக விற்கும் அட்டைக் கண்ணாடியையே வாங்கிக்கொள்ளுங்கள்; விலை மிகக் குறைவு.

ஒரே ஒரு போன்தான் இருக்கிறது. இரண்டு படங்கள் எப்படி எடுப்பது?

ஒன்றன்பின் ஒன்றாக. காலை அகட்டி நில்லுங்கள். உடல் எடையை இடது காலில் வைத்து முதல் படம். அப்படியே எடையை வலது காலுக்கு மாற்றி இரண்டாவது படம். பெரும்பாலான காட்சிகளுக்கு இந்த ஒரு சாய்வு போதும். எப்போதும் இடதுபுறப் படத்தையே முதலில் எடுக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நூறு படங்களைப் பிரிக்கும்போது அதன் அருமை தெரியும்.

முதல் படத்துக்கு முன் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு படங்களும் வேறு வேறு வெளிச்சத்தில் வந்துவிடும். போன் பக்கவாட்டில் நகர வேண்டுமே தவிரத் திரும்பக் கூடாது. நடுவில் இருக்கும் பொருளை இரண்டு முறையும் படத்தின் நடுவிலேயே வைக்க வேண்டும் என்று கை தானாகவே போனைத் திருப்பும், அதை அடக்குங்கள். திருப்பினால் படத்தின் மூலைகளில் ஒரு பக்கம் உயர்ந்தும் மறு பக்கம் தாழ்ந்தும் போய்விடும். மேல்-கீழ் வேறுபாட்டைக் கண்கள் தாங்காது. பக்கவாட்டு வேறுபாட்டுக்குப் பழகிய கண்கள், ஒன்று மேலும் ஒன்று கீழும் பார்க்கும்படி படைக்கப்படவில்லை. அனாகிளிஃப் பார்த்துத் தலைவலி வந்தவர்கள் பெரும்பாலும் இந்தத் தவறு உள்ள படத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

மேசைமேல் எடுப்பதானால் ஒரு அடிக்கோலை ஒட்டினாற்போல் போனை நிறுத்தி அதன் ஓரமாகவே நகர்த்துங்கள்.

எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும்?

படத்தில் மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. இது பழைய கைக்கணக்கு; எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. மூன்று மீட்டரில் ஆள் நிற்கிறாரா? பத்து சென்டிமீட்டர். முப்பது சென்டிமீட்டரில் ஒரு பூவா? ஒரே ஒரு சென்டிமீட்டர். அறுபது மீட்டர் தள்ளி ஒரு கோபுரமா? இரண்டு மீட்டர் நடந்துபோய் இரண்டாவது படத்தை எடுங்கள்.

கண்ணிடைவெளி 6.5 சென்டிமீட்டர் என்பதால் எப்போதும் அதே அளவு வைப்பதுதான் இயல்பு என்று பலரும் வாதிடுவார்கள். பூவின் படத்துக்கு அதைச் செய்து பாருங்கள்: இரண்டு பூக்களும் ஒன்றோடொன்று சேரவே சேராது. கோபுரத்துக்குச் செய்து பாருங்கள்: தட்டையான அட்டை போலத்தான் நிற்கும். தொலைவில் இருப்பதை நம் கண்களே ஆழமாகப் பார்ப்பதில்லை. இடைவெளியை அகட்டும்போது ஒரு ராட்சதரின் கண்களைக் கடன் வாங்கிப் பார்க்கிறோம். மலைத்தொடர் கூடக் கையில் எடுக்கும் பொம்மை போல் ஆகிவிடும். விமான ஜன்னலிலிருந்து ஓரிரு விநாடி இடைவெளியில் மேகங்களை எடுத்தால், இரண்டு படங்களுக்கும் நடுவே சில நூறு மீட்டர் கடந்திருக்கும். மேகக் கூட்டத்தின் ஆழத்தை முதன்முதலில் அப்படிப் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் செய்தது இஸ்ரோவின் கார்டோசாட்-1. 2005-ல் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள்: ஒன்று 26 பாகை முன்னோக்கியும் மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் சாய்ந்தவை. ஒரே நிலத்தை, அதன் மேல் வந்து சேரும் முன் ஒன்றும் கடந்தபின் மற்றொன்றும் எடுத்தன. அந்த இணைகளிலிருந்துதான் மலை மேடுகளின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். நாம் இடது காலிலிருந்து வலது காலுக்குச் சாய்வதும் அதுவும் ஒரே வேலைதான்.

மரத்தையும் கடலையும் எடுத்தால் ஏன் கலங்கலாகத் தெரிகிறது?

இரண்டு படங்களுக்கும் இடையில் இலை அசைந்துவிட்டது, அலை நகர்ந்துவிட்டது. மேகம் சூரியனை மறைத்தாலும் அப்படியே. அசைவதை எடுக்க ஒரே நேரத்தில் அழுத்தும் இரண்டு கேமராக்கள் வேண்டும். ஒரு போன் வைத்திருப்பவர்கள் அசையாதவற்றோடு தொடங்குங்கள். நிலவில் காற்று இல்லை, மண்ணும் சாம்பல் நிறம். அனாகிளிஃப்புக்கென்றே அமைந்த ஊர் என்று எனக்குத் தோன்றும்.

கணினியில் எப்படிச் சேர்ப்பது?

விண்டோஸ் வைத்திருந்தால் ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் போதும். இடது, வலது படங்களைக் கொடுத்தால் சாய்வையும் உயர வேறுபாட்டையும் தானே சரிசெய்யும். அதன் தோற்றம் பழையதாக இருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

கையால் செய்து கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாகத் திறங்கள். லெவல்ஸ் கருவியில், இடது படத்தின் பச்சை, நீலம் இரண்டின் வெளியீட்டு உச்சத்தைப் பூஜ்யமாக்குங்கள். படம் முழுச் சிவப்பாகிவிடும். வலது படத்தில் சிவப்பை மட்டும் பூஜ்யமாக்குங்கள், அது சயானாகும். மேலே உள்ள லேயரின் கலப்பு முறையை ஸ்கிரீன் என்று மாற்றினால் இரண்டும் இணைந்துவிடும். பிறகு மேல் லேயரை நகர்த்திப் பொருத்தி, ஓரங்களில் தனியாக நிற்கும் சிவப்பு, சயான் பட்டைகளை வெட்டிவிடுங்கள்.

நகர்த்திப் பொருத்துவது என்றால் எந்த இடத்தில்?

மென்பொருள் எவ்வளவு உதவினாலும் நீங்களே தீர்மானிக்க வேண்டியது இது. இரண்டு படங்களிலும் எந்தப் புள்ளி ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகிறதோ, அந்தப் புள்ளி திரையின் தளத்திலேயே இருப்பதாகத் தெரியும். கண்ணாடி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம்: நிறக்கரை இல்லாத இடம்தான் திரையின் தளம். மற்றவை அதற்கு முன்னாலோ பின்னாலோ போகும்.

படத்தின் சட்டத்தை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே, உள்ளடங்கி இருக்கும் காட்சி கண்ணுக்கு இதம். ஏதாவது ஒன்று ஜன்னலைத் தாண்டி நம்மை நோக்கி நீள வேண்டுமானால், அது சட்டத்தின் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. பாதி உடல் வெட்டுப்பட்ட ஆள் திரைக்கு முன்னால் மிதந்தால் மூளை ஏற்க மறுக்கும். நீட்டிய கை நடுவில் இருந்தால் அழகாக வரும்.

மிக அருகில் உள்ள பொருளின் நகர்வுக்கும் மிகத் தொலைவில் உள்ளதன் நகர்வுக்கும் உள்ள வேறுபாடு மொத்தமாகப் படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1200 பிக்சல் அகலப் படத்தில் 40 பிக்சல். போனில் அருமையாகத் தெரியும் படத்தைப் பெரிய சுவரில் காட்டும்போது, தொலைவுப் பொருள்களின் சிவப்பு, சயான் உருவங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 6.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கம் விலக வேண்டியிருக்கும். அது வலிக்கும். பெரிய திரைக்கென்று தனியாகப் பொருத்தி வைத்துக்கொள்வது நல்லது.

சிவப்புச் சேலையும் செம்பருத்தியும் கண்ணைக் கூசுவது ஏன்?

சிவப்பு அடுக்கில் பளிச்சென்றும் மற்ற இரண்டு அடுக்குகளில் இருட்டாகவும் இருப்பதுதான் சிவப்பு. அதனால் இடது கண் வெளிச்சத்தையும் வலது கண் கறுப்பையும் பார்க்கிறது. மூளை எதை நம்புவது என்று தெரியாமல் மாறி மாறிப் பார்க்கிறது. அந்த இடம் துடிக்கிறது. பட்டுச்சேலை, குங்குமம், மிளகாய் வற்றல் எல்லாம் இந்தத் தொல்லையைத் தரும்.

இதற்கு வழி, இடது படத்தை முதலில் கறுப்பு-வெள்ளையாக்கிவிட்டுப் பிறகு அதன் சிவப்பு அடுக்கை எடுப்பது. பாதி நிற முறை என்கிறார்கள். நிறம் கொஞ்சம் வெளுத்தாலும் துடிப்பு பெருமளவு அடங்கும். கனடாவின் எரிக் துபுவா கணித வழியில் வகுத்த கலவை முறை இன்னும் நன்றாக இருக்கும். ஸ்டீரியோ போட்டோ மேக்கரிலேயே அது இருக்கிறது. என்னைக் கேட்டால், கல், மரம், வெண்கலம் ஆகியவற்றின் படங்களை முழுக் கறுப்பு-வெள்ளையிலேயே செய்யுங்கள். நிறத்தை விட்டுக்கொடுத்தால் ஆழம் அப்படித் தெளிந்து வரும்.

கண்ணாடி போட்டும் இரட்டை நிழல் தெரிகிறதே?

ஒரு கண்ணுக்கான படம் மறு கண்ணுக்குக் கசிகிறது. முதலில் போனின் கண் பாதுகாப்பு முறையை, அதாவது இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்துங்கள். அது நீலத்தைக் குறைத்து எல்லாவற்றையும் கெடுக்கிறது. அடுத்து, இருட்டில் ஒற்றை விளக்கு போன்ற கடுமையான வெளிச்ச வேறுபாட்டைக் குறைத்துவிடுங்கள். கருமையான பகுதிகளைச் சற்று வெளிச்சமாக்கினாலே நிழல் குறையும். இன்னொன்று, மிகப் பளிச்சென்ற பொருளைத் திரையின் தளத்தில் பொருத்திவிடுங்கள். அங்கே இரண்டு படங்களும் ஒன்றாகவே இருப்பதால் கசிந்தாலும் தெரியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆழம் போய்விடுகிறது. ஏன்?

படத்தைச் சுருக்கும்போது வெளிச்ச விவரத்தை வைத்துக்கொண்டு நிற விவரத்தை முதலில் குறைப்பது ஜேபெக்கின் வழக்கம். நம் படத்திலோ இரு கண்களின் பிரிவே நிறத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஆவணமாக அனுப்புங்கள். சேமிக்கும்போது பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக்தான் வேண்டுமென்றால் உச்சத் தரத்தில், நிறச் சுருக்கம் இல்லாமல்.

அச்சிடலாமா?

தாராளமாக. மைகள் திரை வெளிச்சம்போல் தூய்மையானவை அல்ல, கசிவு கொஞ்சம் கூடும். பளபளப்புத் தாளும் நல்ல வெளிச்சமும் உதவும்.

குழி மேடாகவும் மேடு குழியாகவும் தெரிகிறது.

இடமும் வலமும் மாறிவிட்டன. கண்ணாடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சரியானால் படங்களை மாற்றிச் சேருங்கள். மனித முகத்தில் மட்டும் இது ஏமாற்றும்: முகம் குழிந்திருக்க முடியாது என்று மூளை பிடிவாதம் பிடிக்கும். பின்னணியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எல்லோருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. என் கண்ணில் குறையா?

முதலில் படத்தை ஒரு நிமிடம் அமைதியாகப் பாருங்கள். சிலருக்குச் சேர்வதற்கு நேரமாகும். மாறுகண்ணோ சோம்பல் கண்ணோ சிறுவயதில் இருந்தவர்களுக்கு இரு கண் ஆழம் தெரியாமல் போவதுண்டு. எந்தப் படத்திலும் ஒருபோதும் தெரியவில்லை என்றால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மருத்துவர்களிடமே சிவப்பு-பச்சைக் கண்ணாடி போட்டுச் செய்யும் சோதனைகள் இருக்கின்றன; வொர்த் நான்கு புள்ளிச் சோதனை அவற்றில் ஒன்று.

நிறப் பார்வைக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அனாகிளிஃப் தெரியும். தாள் வழியே எது இருள்கிறது, எது வெளுக்கிறது என்பதே போதும். நிறத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. கழற்றிய பிறகு சில நிமிடம் ஒரு கண்ணில் உலகம் சிவந்தும் மறு கண்ணில் நீலமாகவும் தெரிவது இயல்பு, மறைந்துவிடும்.

பழைய ஒற்றைப் புகைப்படத்தை மாற்ற முடியுமா?

தொலைவு வரைபடம் ஒன்றை உருவாக்கிப் பிக்சல்களை நகர்த்தும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் வலது கண் எட்டிப் பார்த்திருக்கக்கூடிய பகுதி அந்தப் படத்தில் இல்லவே இல்லை. அதை இட்டு நிரப்பத்தான் வேண்டும். இரண்டு முறை அழுத்தி எடுத்ததற்கு அது ஈடாகாது.

முதலில் எதை எடுக்கலாம்?

பலாப்பழம். முள் முள்ளாக எழுந்த தோல், அசையாது, சிவப்பு இல்லை. ஜன்னல் பக்கம் ஒரு மேசைமேல் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். அறுபது சென்டிமீட்டர் தள்ளி நின்று, அடிக்கோலின் ஓரமாக இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தி இரண்டு படங்கள் எடுங்கள். கறுப்பு-வெள்ளையாக்கிச் சேருங்கள். கண்ணாடியைப் போட்டதும் அந்த முள்ளைத் தொடக் கை நீளும். வீட்டில் பலாப்பழம் இல்லையென்றால் வேப்பமரத்துப் பட்டை.